தருமபுரி ஹார்ட் செக்கப் பேக்கேஜ்: ஏ.ஆர்.டி (எச்.ஐ.வி) மாத்திரை எடுக்கிறவங்க பார்வையில ஒரு ரிவ்யூ

ரத்தம் எடுக்கிற இடத்துக்கு அஞ்சுக்கு நாலரை ஸ்டார் தாராளமா கொடுக்கலாம், ரிப்போர்ட்டுக்கு நாலு, ஆனா கடைசியில டாக்டர் கன்சல்டேஷன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க பாருங்க அதுக்கு ஒண்ணுக்கு மேல மனசு வரல. லேப் பேரு போடல. ஏன்னா இதே மாதிரி ஹார்ட் பேக்கேஜ் இப்ப தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லா ஊர்லயும் நாலு லேப்ல இருக்கு, ஒரு கடையைப் பத்தி மட்டும் பேசி முடிக்கிற விஷயம் இல்ல இது. எச்.ஐ.வி இருக்கிற நம்ம ஆளுங்க இந்த மாதிரி பேக்கேஜுக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்னு யாரும் தமிழ்ல எழுதி நான் படிச்சதில்ல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

எனக்கு நாப்பது தாண்டிடுச்சு, தையல் வேலை. பல வருஷமா ஏ.ஆர்.டி சென்டர்ல தான் மாத்திரை வாங்குறேன், இப்ப டி.எல்.டி, டெனோஃபோவிர் லாமிவுடின் டோலுடெக்ராவிர் மூணும் சேர்ந்த ஒரே மாத்திரை, வைரல் லோடு வைரஸ் தென்படலன்னு தான் வருது. என்கூட பேக்கேஜ் எடுத்தவர் அதே சென்டர்ல பழக்கமான ஒரு அண்ணன், முன்னாடி லாரி ஓட்டினவர், அம்பதுக்கு மேல, செகண்ட் லைன் மருந்துல, முதல்ல கொடுத்த மருந்து சரிவராதப்ப மாத்திக் கொடுக்கிறதுல, இருக்கார், அதாவது அட்டசனாவிரும் ரிட்டோனாவிரும். பீடி இன்னும் முழுசா விடல.

ரெண்டு பேரும் ஏன் காசு கொடுத்து இதுக்குப் போனோம்னா, எங்ககூட மாத்திரை வாங்க வரிசையில உக்காந்திருந்த ஒருத்தர் ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு. எச்.ஐ.வில இல்லைங்க, ஹார்ட் அட்டாக்ல. மாத்திரை ஒரு நாள் விட்டதில்ல அவரு, சென்டர்ல கொடுத்த பச்சை புக்கை பிளாஸ்டிக் கவர்ல போட்டு பத்திரமா வெச்சிருப்பாரு. நெஞ்செரிச்சல்னு ராத்திரி முழுக்க சோடா குடிச்சிட்டு படுத்திருந்தாராம், விடியும்போது ஆள் இல்ல. அவர் வீட்டம்மா சொன்ன ஒரு வார்த்தை இன்னும் காதுல இருக்கு, "வைரஸ் எல்லாம் அடங்கிடுச்சுன்னு தானே சொன்னாங்க"ன்னு.

வைரஸ் அடங்கினாலும் இதயத்துக்கு ஆபத்து மிச்சம் இருக்கு, இது தான் நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாதது. எச்.ஐ.வி இல்லாத அதே வயசு ஆளோட ஒப்பிட்டா நமக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் அதிகம். காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல. மருந்து வைரஸை அடக்கி வெச்சாலும் உடம்போட எதிர்ப்பு சக்தி முழுசா ஓயாம லேசா முழிச்சிக்கிட்டே இருக்கு, அந்த ஓயாத அழற்சியில ரத்தக்குழாய் உள்சுவர் கெட்டு அங்க கொழுப்பு படிய ஆரம்பிக்குது. அது போக பழைய மருந்துல சிலது கொலஸ்ட்ராலை ஏத்திவிட்டுச்சு, டோலுடெக்ராவிர்ல சிலருக்கு வெயிட் போடுது, அபாகாவிர் எடுக்கிறவங்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்னு 2008லயே ஒரு பெரிய ஆய்வுல பாத்திருக்காங்க. இதுக்கு மேல பீடி, பிபி, சுகர் எல்லாம் ஊருக்கே உள்ளது.

இதைப் படிச்சிட்டு அப்ப மாத்திரையே வேணாம்னு யாரும் நிறுத்திடாதீங்க, கையெடுத்து கேட்டுக்கிறேன். நிறுத்தி நிறுத்தி எடுத்தா என்ன ஆகும்னு பாக்கிறதுக்காக ஸ்மார்ட்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 5,472 பேர், 2006ல முடிவு வெளிவந்துச்சு, மருந்தை இடையில நிறுத்தினவங்களுக்கு சாவும் அதிகம், இதயப் பிரச்சனையும் அதிகம். ஏ.ஆர்.டி தான் இதயத்துக்கும் முதல் மருந்து.

சரி பேக்கேஜுக்கு வர்றேன். ஒருத்தருக்கு 1,499 ரூபா. லிப்பிட் புரொஃபைல் (கொலஸ்ட்ரால் டெஸ்ட்), ஃபாஸ்டிங் சுகர், எச்.பி.ஏ.1.சி (மூணு மாச சுகர் சராசரி), கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்), லிவர் டெஸ்ட், எச்.எஸ்.சி.ஆர்.பி (உடம்புல அழற்சி இருக்கான்னு காட்டுறது), ஈ.சி.ஜி, பிபி, கடைசியில டாக்டர். காலையில வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. இடம் சுத்தம், லேடீஸுக்கு தனியா திரை போட்டு வெச்சிருக்காங்க, ஈ.சி.ஜி எடுக்கிறதும் லேடி தான். ரத்தம் எடுத்த பொண்ணு ரொம்ப நல்ல மாதிரி, புது ஊசிய என் கண் முன்னாடியே பிரிச்சுது, கிளவுஸ் மாட்டிக்கிச்சு, "அக்கா வலிச்சா சொல்லுங்க"ன்னு சொல்லி ஒரே குத்துல எடுத்துடுச்சு, ஊசிய மூடி போடாம நேரா ஊசி வெட்டுற மிஷின்ல போட்டுச்சு. எல்லாருக்கும் இதே மாதிரி தான் செய்யுதுன்னு பக்கத்து சேர்ல பாத்தேன், எனக்குன்னு தனி கிளவுஸ் தனி மூஞ்சி எதுவும் இல்ல, அதுக்காகவே அந்த நாலரை ஸ்டார்.

பிபி பாத்த விதம் தான் சரியில்ல. மாடிப்படி ஏறி வந்து மூச்சு அடங்கல, அதுக்குள்ள ஜாக்கெட் கை மேலயே பட்டையைச் சுத்தி, கையை தொங்கவிட்ட மாதிரி வெச்சு, நடுவுல வயசு என்ன ஊர் எதுன்னு பேச்சு வேற. 148க்கு 92ன்னு எழுதிட்டாங்க. கொஞ்சம் இருங்கம்மா, நான் அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கிறேன், திரும்ப பாருங்கன்னு சொன்னேன். கால் ரெண்டும் தரையில ஊனி, முதுகை சாச்சு, கையை டேபிள் மேல நெஞ்சு உயரத்துக்கு வெச்சு, துணி இல்லாம பட்டை கட்டி, பேசாம பாத்தா 132க்கு 84. ஒரே ஆள், ஒரே மிஷின். அந்த முதல் நம்பரை வெச்சு யாராவது எனக்கு பிபி மாத்திரை எழுதியிருந்தா? நீங்க எங்க பிபி பாத்தாலும், வீட்லயோ கேம்ப்லயோ, இப்படித்தான் உக்காரணும், ஒரு தடவை பாத்ததை நம்பாம வேற ஒரு நாளும் பாக்கணும்.

ரிசப்ஷன் இன்னொரு குறை. ஃபார்ம்ல இப்ப சாப்பிடுற மாத்திரைன்னு ஒரு கட்டம் இருக்கு, ரெண்டு பேருமே உண்மையைத் தான் எழுதினோம், எழுதணும், ஏன்னு பின்னாடி புரியும். அங்க உக்காந்திருந்த பையன் அண்ணன் ஃபார்மை கையில எடுத்து "அட்டசனாவிர்னா என்னங்க, எதுக்கு சாப்பிடுறீங்க"ன்னு கவுண்டர் தாண்டி கேக்குற மாதிரி கேட்டான். பின்னாடி ஏழெட்டு பேர் உக்காந்திருக்காங்க. அண்ணன் மூஞ்சி செத்துப்போச்சு. நான் தான் "டாக்டர் கேட்டா சொல்லிக்கிறோம் தம்பி, நீங்க பில்லைப் போடுங்க"ன்னு சொன்னேன். 2017ல போட்ட எச்.ஐ.வி எய்ட்ஸ் சட்டம் இருக்கு, 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு, நம்ம நிலைமையை நம்ம சம்மதம் இல்லாம வெளிய விடக்கூடாதுன்னு அதுல இருக்கு. தம்பி கெட்டவன் இல்ல, யாரும் சொல்லிக் கொடுக்கல, ஆனா சொல்லிக் கொடுக்க வேண்டியது லேப்போட பொறுப்பு தானே.

ரிப்போர்ட் சாயங்காலமே வாட்ஸ்அப்ல வந்துடுச்சு, தெளிவா இருக்கு, அதுல குறை இல்ல. எனக்கு கெட்ட கொழுப்பு, அதான் எல்.டி.எல், 112. பக்கத்துல 130க்குள்ள நார்மல்னு அச்சடிச்சிருக்கு, பச்சை கலர் டிக் வேற.

இங்க தான் நிறுத்தி யோசிக்கணும். அந்த நார்மல் யாருக்கு போட்ட நார்மல்? எச்.ஐ.வி இருக்கிறவங்களை மட்டும் வெச்சு ரிப்ரீவ்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, 12 நாடு, இந்தியாவும் அதுல உண்டு, 7,769 பேர், 40ல இருந்து 75 வயசு வரைக்கும், எல்லாரும் ஏ.ஆர்.டி எடுக்கிறவங்க, இதய ஆபத்து கம்மி இல்லன்னா நடுத்தரம்னு கணக்குல வந்தவங்க. அதாவது சாதாரண டாக்டர் பாத்தா உங்களுக்கு ஒண்ணும் இல்ல போங்கன்னு அனுப்பக்கூடிய ஆளுங்க, கிட்டத்தட்ட என்னை மாதிரி. பாதிப் பேருக்கு பிடவாஸ்டாடின், அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் வகை மாத்திரை, 4 மில்லிகிராம் தினம் ஒண்ணு, மீதிப் பேருக்கு மருந்து இல்லாத சும்மா மாத்திரை. ஸ்டாட்டின் எடுத்தவங்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய பிரச்சனை 35 சதவீதம் கம்மி. பலன் இவ்வளவு தெளிவா தெரிஞ்சதால ஆய்வையே 2023ல முன்கூட்டியே நிறுத்திட்டாங்க. அவங்க எல்.டி.எல் ஆரம்பத்துல சராசரியா 107 கிட்ட தான் இருந்துச்சு, என்னோடதை விட கம்மி! அது 74க்கு இறங்கியிருக்கு.

குறையும் சொல்லிடணும். ஸ்டாட்டின் எடுத்தவங்கள்ல கொஞ்சம் பேருக்கு தசை வலி கூடுதலா வந்துச்சு, புதுசா சுகர் வந்ததும் 5.3 சதவீதம், சும்மா மாத்திரை குரூப்புல 4 சதவீதம். எல்லாரும் நாளைக்கே போய் கடையில ஸ்டாட்டின் வாங்குங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா நாப்பது தாண்டின எச்.ஐ.வி ஆளுக்கு அந்த பச்சை டிக்கை மட்டும் பாத்து வீட்டுக்கு அனுப்புறது சரியில்ல, ஸ்டாட்டின் தேவையா இல்லையான்னு உக்காந்து பேசியாகணும்.

இப்ப அந்த ஒரு ஸ்டார் கன்சல்டேஷன். என் ரிப்போர்ட்டை புரட்டினார், எல்லாம் நார்மல், வாக்கிங் போங்கம்மா, முடிஞ்சுது. ஏ.ஆர்.டி எடுக்கிறேன் சார், அதுக்கு ஏதாவது தனியா பாக்கணுமான்னு கேட்டேன், அது அங்க பாத்துக்குவாங்கன்னுட்டார். ஏ.ஆர்.டி சென்டர்ல வைரஸைப் பாக்குறாங்க, இங்க ஹார்ட்டைப் பாக்குறாங்க, ரெண்டும் ஒரே உடம்புல இருக்கிற ஆளை யாரு பாக்குறது?

அண்ணன் விஷயம் இன்னும் மோசம். அவருக்கு எல்.டி.எல் 168, டிரைகிளிசரைடும் அதிகம். டாக்டர் சிம்வாஸ்டாடின் எழுதிக் கொடுத்துட்டார். ஃபார்ம்ல அட்டசனாவிர், ரிட்டோனாவிர்னு எழுதியிருக்கு, அதே ஃபைல்ல தான் இருக்கு, பாக்கவே இல்ல. ரிட்டோனாவிரோட சிம்வாஸ்டாடின் சேரவே கூடாதுங்க, ரிட்டோனாவிர் கல்லீரல்ல அதை உடைக்கிற வேலையைத் தடுத்துடும், சிம்வாஸ்டாடின் ரத்தத்துல பல மடங்கு ஏறி தசை கரைஞ்சு கிட்னி வரைக்கும் போயிடும். லோவாஸ்டாடினும் அதே கதை தான். நல்ல வேளை அண்ணன் புது மாத்திரை எதுவா இருந்தாலும் ஏ.ஆர்.டி சென்டர்ல காட்டாம வாயில போடமாட்டார். அங்க மெடிக்கல் ஆபீசர் சீட்டைப் பாத்ததுமே "இதை நீங்க தொடவே கூடாது அண்ணா"ன்னு சொல்லி சீட்டுல அதை கோடு போட்டு அடிச்சிட்டு, அட்டோர்வாஸ்டாடின் குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு, திரும்ப டெஸ்ட் எடுக்க வரச் சொல்லியிருக்காங்க.

அங்க அவங்க இன்னொன்னும் கண்டுபிடிச்சாங்க. அண்ணன் அடிக்கடி கேஸ்னு மெடிக்கல்ல பான்டோபிரசோல் வாங்கிப் போட்டுக்கிட்டிருந்தாரு. வயித்துல அமிலம் குறைஞ்சா அட்டசனாவிர் சரியா உடம்புல ஏறாது, அப்ப வைரஸ் கிளம்பும். அதோட இவர் கேஸ்னு நினைச்சது நிஜமாவே கேஸ் தானா, மேடு ஏறும்போது நெஞ்சு அழுத்துறதான்னு கேட்டு டிரெட்மில் டெஸ்டுக்கு எழுதியிருக்காங்க. லேப்ல எடுத்த ஈ.சி.ஜி நார்மல் தான், ஆனா படுத்துக்கிட்டு எடுக்கிற ஈ.சி.ஜில அடைப்பு இருந்தாலும் தெரியாம போகலாம். ஈ.சி.ஜி நார்மல், ஹார்ட் பக்காவா இருக்குன்னு ரிசப்ஷன்ல சொல்லி அனுப்புறதை தயவுசெஞ்சு நிறுத்தணும்.

எனக்கும் ஒரு பயம் காட்டினாங்க. கிரியாட்டினின் 1.1, சிவப்பு எழுத்துல மேல போற அம்பு போட்டு. கிட்னி போச்சுன்னு ராத்திரி தூக்கம் இல்ல. டோலுடெக்ராவிர் எடுக்கிறவங்களுக்கு கிரியாட்டினின் லேசா ஏறி தான் காட்டும், கிட்னி அதை வெளிய தள்ளுற ஒரு வழியை அந்த மருந்து அடைக்கிறதால வர்றது அது, கிட்னிக்கு நிஜ சேதம் இல்லைன்னு சென்டர்ல விளக்கினாங்க. ஆனா கூட இருக்கிற டெனோஃபோவிர் சிலருக்கு கிட்னியை நிஜமாவே பாதிக்கும், அதனால நாமளா முடிவு பண்ணாம பழைய ரிப்போர்ட்டோட வெச்சுப் பாக்கணும்னு பழையதை எல்லாம் எடுத்து ஒப்பிட்டு பாத்தாங்க. பழைய ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க.

பேக்கேஜோட ஃப்ரீன்னு ஒரு கால்சியம் மாத்திரை டப்பா கொடுத்தாங்க, லேடீஸுக்கு ஸ்பெஷல்னு. டி.எல்.டில இருக்கிறவங்க கவனிங்க, கால்சியம், அயர்ன், ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் எல்லாம் டோலுடெக்ராவிரைப் பிடிச்சு வெச்சிக்கும், உடம்புல ஏற விடாது. டி.எல்.டி போட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு கால்சியம் போடலாம், இல்ல கால்சியம் முதல்ல போட்டா ஆறு மணி நேரம் தள்ளி தான் டி.எல்.டி. சுகருக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவங்களும் டோலுடெக்ராவிர் இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லியாகணும், ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல போகாம பாத்துக்குவாங்க.

டயட் சார்ட்டும் ஒண்ணு கொடுத்தாங்க, நல்ல வழவழ பேப்பர். ஆலிவ் ஆயில், அவகாடோ, சால்மன் மீன், ஓட்ஸ். பாலக்கோட்லயும் பென்னாகரத்துலயும் இருந்து வர்ற ஜனங்களுக்கு இதை கொடுத்து என்ன பிரயோஜனம்? நம்ம ஊர்ல களியும் கீரைக் கடைசலும் இருக்கு, சாமை இருக்கு, அவரை துவரைன்னு பருப்பு வகை இருக்கு, அதை வெச்சே எழுதியிருக்கலாம். சென்டர்ல கவுன்சிலர் சொன்னது எனக்கு உருப்படியா இருந்துச்சு. களி நல்லது, ஆனா சுகர் இருந்தா உருண்டையை சின்னதாக்கிட்டு கீரையை அதிகமாக்கு. ரேஷன் பாமாயில்ல பாதி கிட்ட இதயத்துக்கு ஆகாத கொழுப்பு, கடலை எண்ணெய்யோட மாத்தி மாத்தி, அதுவும் கம்மியா ஊத்து. ஒரு தடவை வடை சுட்ட எண்ணெய்யை திரும்ப காய்ச்சாதே. மாங்கா ஊறுகாயை தொட்டுக்க மட்டும் வெச்சுக்கோ, அதுல உப்பு தான் முக்கால்வாசி வேலை செய்யுது. அண்ணனுக்கு எல்லாத்துக்கும் மேல பீடி. பீடியை விட்டா வருஷம் போகப் போக மாரடைப்பு ஆபத்து இறங்கிக்கிட்டே வரும்னு நம்ம மாதிரி ஆளுங்களை வெச்சு பண்ணின ஆய்வுலயே பாத்திருக்காங்க. பாதியா குறைச்சிருக்கார் இப்ப. முழுசா விடுற வரைக்கும் நான் விடுறதா இல்ல.

எச்.எஸ்.சி.ஆர்.பின்னு ஒரு டெஸ்டை பெருசா போர்டு போட்டு சொல்றாங்க. சளி பிடிச்சிருந்தாலே அது ஏறும், எங்க ரெண்டு பேர் விஷயத்துல அதை வெச்சு யாரும் எந்த முடிவும் எடுக்கல.

காசு இல்லாதவங்க இதைப் படிச்சிட்டு வருத்தப்பட வேணாம், இதுல முக்கியமான எல்லாமே அரசாங்கத்துல இலவசமா கிடைக்கும். பிபி, சுகர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் பாப்பாங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தான், பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். அவங்ககிட்ட எச்.ஐ.வி விஷயம் சொல்லணும்னு கட்டாயம் இல்ல, அக்கம்பக்கம் பயம் இருக்கிறவங்க சொல்ல வேணாம். ஆனா அவங்க கொடுக்கிற மாத்திரைப் பட்டையை மறக்காம ஏ.ஆர்.டி சென்டருக்கு எடுத்துட்டுப் போய் காட்டுங்க, ரிட்டோனாவிர் எடுக்கிறவங்களுக்கு அம்லோடிபின் மாதிரி பிபி மாத்திரையும் ரத்தத்துல கூடுதலா ஏறும், டோஸ் பாக்கணும். கொலஸ்ட்ரால் டெஸ்ட் வேணும்னு சென்டர்ல நாமளே வாய் திறந்து கேக்கணும். வரிசையில மாத்திரையை வாங்கினமா, பஸ் ஏறினமான்னு இருந்தா யாருக்கும் ஞாபகம் வராது, அவங்களுக்கும் நூறு பேர் நிக்கிறாங்க.

இன்னொன்னு, நெஞ்சுல அழுத்தம், இடது கை, தாடை, முதுகுல வலி, காரணமே இல்லாம வேர்வை, மூச்சு வாங்குறது, பொம்பளைங்களுக்கு சில நேரம் வெறும் வாந்தியும் அசதியும் மட்டும், இப்படி வந்தா சோடா குடிச்சிட்டு படுக்காதீங்க. 108க்கு அடிங்க, இல்ல பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடுங்க. இதயம் காப்போம்னு 2023ல கொண்டுவந்த திட்டத்துல ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8, ஆக 14 மாத்திரை அங்கேயே முதல் டோஸா கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. சோடா குடிச்சிட்டு படுத்து போயிட்டாரே எங்க கூட்டாளி, அவர் ஊர்ல இருந்து ஆரம்ப சுகாதார நிலையம் நடக்கிற தூரம் தான்.

மறுபடி அந்த லேபுக்குப் போவேனான்னு கேட்டா, ரத்தம் கொடுக்க போவேன், பேக்கேஜ் எடுக்க மாட்டேன். லிப்பிட் புரொஃபைல், எச்.பி.ஏ.1.சி, கிரியாட்டினின் மூணையும் தனித்தனியா கேட்டேன், பேக்கேஜ் விலையில பாதி கூட வரல, பில் போடும்போது தனியா வேணும்னு அழுத்திச் சொல்லணும், இல்லன்னா பேக்கேஜ்லயே போட்டுடுவாங்க. மாத்திரை கட்டத்தை நிரப்பினதும் ஃபார்மை மடிச்சு நேரா ரத்தம் எடுக்கிற பொண்ணு கையில கொடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் மூடிடுறாங்க, அரூர் பக்கம் இருந்து வர்றவங்க வெறும் வயித்தோட வரணும்ங்கிறதால முதல் பஸ்ஸைப் பிடிங்க, கையில ரெண்டு இட்லி கட்டிட்டு வந்துடுங்க.